சொர்ணம் சொன்ன ஆமா

வில்லுப்பாட்டுல பாடுறவன் ஒரு அடி பாடி நிறுத்துவான். பக்கத்துல இருக்கவன் "ஆமா"ன்னு சொல்லணும். அவன் சொன்னாத்தான் கதை அடுத்த அடிக்கு நகரும். பூதலிங்கத்துக்கு முப்பத்திரண்டு வருசமா ஆமா சொன்னவன் ஐயம்பெருமாள். ஒரே பாயில உறங்கி, ஒரே இலையில தின்ன சிநேகிதம். பங்குனியில நெஞ்சு வலின்னு சொன்னான், ஆசுபத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள போயிட்டான். நான் அவங்க குழுவுல குடம் அடிக்கிறவன்.

மூணாம் நாள். சாம்பல் கரைச்சுட்டு வந்த ஈரத் துண்டு கூட இன்னும் காயல. கோயில் கொடைத் திருவிழாக் கமிட்டிக்காரன் பூதலிங்கம் வீட்டு வாசல்ல வந்து நிக்கான்.

"சித்திரைக் கொடை வருதுல்லா. ஆமா சொல்ல வேற ஆள் புடிச்சாச்சா?"

அட பாவி! பூதலிங்கம் நேரே மாதேவன் அண்ணாவி வீட்டுக்கு நடந்தான். எங்க மூணு பேருக்கும் பாட்டு சொல்லித் தந்தவர் அவர். நானும் பின்னாலயே போனேன்.

"அண்ணாவி, இனி அந்தச் சாவுப் பாட்டை நான் பாட மாட்டேன்."

எங்க கொடையில பாடுறது பழைய போர்க்கதை. செங்கோடன் ராசாவும் கருவேலனும் உயிர்ச் சிநேகிதங்க. போர்க்களத்துல கருவேலன் செத்துப் போவான். ராசா பிணத்தை எரிக்க விடாம ஏழு நாள் மடியில வச்சுக்கிட்டு, தெய்வத்தை வாய்க்கு வந்தபடி ஏசுவான்.

"ஏம்ல பாட மாட்ட?"

"ஏழு நாளாம், ஏழு நாள்! எனக்கு மூணு நாள் தந்தானுவளா? ராசா அழுதா படையே ஆயுதத்தைக் கீழ போடுமாம். நான் அழுதா ஆள் புடிச்சாச்சான்னு கேக்கான். அதுலயும் பாருங்க, அழுதவனுக்கு நூறு அடி, செத்தவனுக்கு ஒத்த அடி. இதைக் கட்டினவனுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா?"

"அப்ப என்ன செய்யப் போற?"

"மாத்திப் பாடுவேன். கருவேலன் எந்திரிச்சு வீட்டுக்கு வருவான். பாட்டுலயாவது ஒருத்தன் பொழைக்கட்டும். யாரு என்னைக் கேக்கது?"

அண்ணாவி வெத்திலையை மடிச்சு வாயில வச்சாரு.

"பாடு. ஆமா சொல்ல நான் வாறேன்."

சித்திரை மாசம், மதியக் கொடை. பந்தல் கொள்ளாத கூட்டம். எண்பது வயசு அண்ணாவி, ஐயம்பெருமாள் இருந்த இடத்துல சம்மணம் போட்டு இருந்தாரு. போர் வரைக்கும் ஒவ்வொரு அடிக்கும் கணீர்னு ஆமா சொன்னாரு. அப்புறம் அந்த இடம் வந்தது.

"வேல் பாய்ஞ்ச கருவேலன் கண்ணு முழிச்சு எந்திரிச்சான்"ன்னு பாடி நிறுத்தினான் பூதலிங்கம்.

அண்ணாவி வாயைத் திறக்கல.

மறுபடியும் பாடினான். சனம் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிடுச்சு. மூணாவது தடவையும் பதில் இல்ல. பூதலிங்கம் வில்லடிக்கிற வீசுகோலைத் தூக்கி எறிஞ்சான்.

"சொல்லுங்க அண்ணாவி! ஒத்த வார்த்தை! உங்க வாயில என்ன கொழுக்கட்டையா இருக்கு? அவன் முப்பத்திரண்டு வருசம் சொன்னானே!"

அண்ணாவி கோபப்படல. பந்தலுக்கு வெளியே கையைக் காட்டினாரு. சாவு விழுந்த துட்டி வீட்டுக்காரி கொடைக்கு வரக் கூடாது. அதனால ரோட்டோரம் வேப்பமரத்தடியில நின்னு கேட்டுக்கிட்டிருந்தா ஐயம்பெருமாள் பெஞ்சாதி சொர்ணம்.

"அவ ஆமான்னு சொல்லட்டும். நானும் சொல்லுதேன்."

பூதலிங்கம் அவளைப் பாத்தான். பாத்துக்கிட்டே இருந்தான். கோபம் வடியல. நான் கோலை எடுத்துக் கையில கொடுத்தேன். வாங்கிக்கிட்டு, அந்தப் பழைய ஒத்த அடியைப் பாடினான்.

"கருவேலன் மாண்டு போனான், கண்ணு முழிக்கலையே."

நிறுத்தினான். அண்ணாவி அப்பவும் பேசல.

வேப்பமரத்தடியிலேருந்து சொர்ணம் சொன்னா.

"ஆமா."