நாலு மணி பஸ்ஸும் பவளமணி டீச்சரும்

ஒரு ஊர்ல ஒரு சத்தம் இருந்துச்சாம்.

ஆமா கண்ணு, ராஜா இல்ல, ராணி இல்ல. சத்தம்தான். அந்தச் சத்தத்துக்குள்ளதான் ஊரே குடியிருந்துச்சு. வீட்டுக்கு வீடு கரண்ட்டுல ஓடுற தறி. கண்ணு முழிச்சா சடக்கு-சடக்கு, சோறு திங்கறப்போ சடக்கு-சடக்கு, மழை பேஞ்சாலும் மழைச் சத்தம் கேக்காது, சடக்கு-சடக்குதான் கேக்கும்.

அப்போ அந்த ஊர்ல எப்படிப் பேசுவாங்க? கத்தித்தான் பேசுவாங்க. "தண்ணி கொண்டா"ன்னு கேட்டாலே சண்டைக்குக் கூப்புடுற மாதிரி இருக்கும். தாலாட்டையும் கத்தித்தான் பாடுவாங்க. குழந்தையும் தூங்கிரும், பாவம், அதுக்குப் பழகிப்போச்சு.

ம் சொல்லு.

"ம்."

அந்தச் சத்தம் ஒண்ணே ஒண்ணுக்குத்தான் நிக்கும். தெருவுல யாராவது செத்துப்போனா நிக்கும். அன்னைக்கு எல்லாத் தறியையும் நிறுத்திருவாங்க. அப்போ மட்டும் ஊரு மெதுவாப் பேசும். அதனால யாரு மெதுவாப் பேசுனாலும், யாரோ செத்துட்டாங்கன்னு அங்க இருக்குற குழந்தைங்க பயந்துரும்.

"கரண்ட் போனா, அம்மிச்சி?"

நல்லாக் கேட்ட போ! கரண்ட் போனா தறி நிக்கும், வாய் நிக்காது. எல்லாரும் வாசலுக்கு வந்து, "எப்ப வரும், எப்ப வரும்"னு இன்னும் ஜாஸ்தியாக் கத்துவாங்க.

அப்புறம் அந்த ஊர்ல ஒரு பள்ளிக்கூடம். அந்தப் பக்கம் ஒரு தறி குடோன், இந்தப் பக்கம் ஒரு தறி குடோன், நடுவுல ஒத்தை ரூமு. டீச்சருங்க காலைல பஸ்ஸுல பெட்டியோட வந்து இறங்குவாங்க. சாயங்காலம் நாலு மணிக்கு அதே பஸ்ஸு திரும்பி வரும். அதுல ஏறி ஊரு போய்ச் சேந்துருவாங்க. ஒருத்தரு பிரம்போட வந்தாரு, போயிட்டாரு. ஒருத்தரு காதுல பஞ்சு வெச்சுக்கிட்டு வந்தாரு, அவரும் போயிட்டாரு. ஒருத்தரும் பெட்டிக் கயித்தக்கூட அவுத்துப் பாக்கல.

அப்போ மேல இருக்குற ஆபீசருங்க சொல்லிட்டாங்க. இன்னும் ஒரே ஒரு டீச்சர அனுப்புறோம். அவங்களும் தங்கலேன்னா பள்ளிக்கூடத்தப் பூட்டிருவோம், பைபாஸ் ரோட்டத் தாண்டி அடுத்த ஸ்கூலுக்குப் போய்க்கங்க. பைபாஸ்ல லாரி விர்ரு விர்ருன்னு போகும் கண்ணு. சின்னதுங்க எப்படித் தாண்டும்?

அந்தப் பள்ளிக்கூடத்துல ரெண்டாங்கிளாஸு படிச்சா வஞ்சின்னு ஒரு பொண்ணு. அவளுக்கு அப்பா இல்ல. முந்தின வருஷம்தான் செத்துப்போயிட்டாரு. அம்மா பேரு சரசா. பக்கத்துக் குடோன்ல தறி ஓட்டுறா. பள்ளிக்கூடத்தப் பூட்டிட்டா வஞ்சியும் அம்மாகூடப் போயி உக்காந்து நூல் சுத்த வேண்டியதுதான். அது சரசாவுக்கும் தெரியும், வஞ்சிக்கும் தெரியும்.

அன்னைக்கு ஜூன் மாசம், பள்ளிக்கூடம் தொறக்குற நாளு. சரசா தலை பின்னி விட்டுக்கிட்டே கத்துறா, "இந்த டீச்சரையாவது ஓட உடாதீங்க சாமி!"

வஞ்சி திருப்பிக் கத்துறா, "நாங்க எங்கம்மா ஓட்டுனோம்! அவங்களாத்தான் ஓடுறாங்க!"

அப்போ பாம்ம்ம்னு பஸ்ஸு வந்துச்சு. அதுல இருந்து இறங்குனாங்க பவளமணி டீச்சர். மலை மேல தேயிலைத் தோட்டத்துல பொறந்து வளந்தவங்க. அங்க மேகம் வந்து ஜன்னல்ல மோதுறதுகூடக் கேக்குமாம். அவங்க குரலும் அப்படித்தான். ஒத்தை நூலு மாதிரி, மெலிசு. கண்டக்டரு பெட்டிய எடுத்துக் குடுத்துட்டுக் கேட்டாரு, "ஏனுங் டீச்சர், சாயங்காலத்துக்கு ஒரு சீட்டுப் புடிச்சு வெச்சிரட்டுங்களா?"

ம்னு மட்டும் சொல்லு, சிரிக்காத. அவங்களுக்கு மூஞ்சி செவந்துபோச்சு.

டீச்சர் உள்ள போனாங்க. முதல் நாளு இல்லையா, பஸ்ஸுலயே எல்லாம் யோசிச்சு வெச்சிருந்தாங்க. கத்தாமப் பேசணும். சந்தேகம் வந்தா கையத் தூக்கணும். சொல்லாம வெளிய போகக் கூடாது. இவ்வளவுதான். உள்ள பாத்தா ஒரே காட்டுக் கத்தல். அப்போ டீச்சர் ஒவ்வொரு பெஞ்சாப் போயி, குனிஞ்சு, காதோரமா, ரொம்ப அன்பாச் சொன்னாங்க, "கண்ணுங்களா, எல்லாரும் உக்காருங்க. உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

அவ்வளவுதான். கிளாஸு கப்புனு அடங்கிருச்சு.

டீச்சருக்குப் பூரிப்பு. ஆனா வஞ்சி மூஞ்சி வெளுத்துப்போச்சு. போன வருஷம் அவளை இப்படித்தான் கூப்புட்டாங்க. இப்படித்தான் குனிஞ்சு, இப்படித்தான் மெதுவா, "கண்ணு, உக்காரு, ஒரு விஷயம் சொல்லணும்"னாங்க.

"எங்கம்மாவுக்கு என்னாச்சுங் டீச்சர்?"னு அலறிக்கிட்டு வெளிய ஓடுறா வஞ்சி. அவ பின்னாடியே அத்தனை பிள்ளைங்களும். "யாரோ செத்துட்டாங்கோ! டீச்சர் மெதுவாப் பேசுறாங்கோ!"

அப்புறம் என்ன? ஒவ்வொரு தறியா நின்னுச்சு. சடக்கு... சடக்... சட... ஊரே நின்னுபோச்சு. பொம்பளைங்க முந்தானைய வாயில வெச்சுக்கிட்டு வெளிய வந்துட்டாங்க. தெருவுலயே வயசானவரு கருப்பண்ணத் தாத்தா. எல்லாரும் அவரு வீட்டுக்கு ஓடுனாங்க. அவரு கட்டில்ல உக்காந்து இட்லி தின்னுக்கிட்டிருந்தாரு. "ஏன்டா எல்லாரும் என்னையே பாக்கறீங்க? இட்லி வேணும்னா கேளுங்கடா!"

வஞ்சி அவ அம்மாவக் கட்டிக்கிட்டு விடவே இல்ல. ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சதுக்கு அப்புறமும் விடல.

டீச்சருக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லு. தன் குரலு ஒரு குழந்தைய அப்படி அழ வெச்சிருச்சேன்னு அவங்களுக்கும் கண்ணுல தண்ணி. ம்?

"ம். பாவம் டீச்சர்."

பாவம்தான். சரி, தறியெல்லாம் மறுபடி ஓடுச்சு, பிள்ளைங்களும் திரும்பி வந்தாங்க. இனிமே மெதுவாப் பேசக் கூடாதுன்னு டீச்சர் வாசல்ல மணியாத் தொங்குற தண்டவாளத் துண்டத் தட்டுனாங்க. டணார்! டணார்! அத்தனை பேரும் தட்டத் தூக்கிக்கிட்டு சமையல் ரூமுக்கு ஓடிட்டாங்க. சமையல் பண்ற அம்மா கரண்டியோட வந்து கத்துறாங்க, "யாரு மணியடிச்சது? இன்னும் பருப்பே வேகல!"

மூணாவது தடவை டீச்சர் கண்ண இறுக்கி மூடி, மூச்ச இழுத்து, இருக்குற பலத்தையெல்லாம் சேத்துக் கத்திப் பாத்தாங்க. என்ன வந்துச்சு தெரியுமா? கீச்!

பிள்ளைங்களுக்கு ஒரே சந்தோஷம். கீச்! கீச்! கீச்! ரூமு முழுக்க அணிலு.

அப்போ டீச்சர் அப்படியே பெட்டி மேல உக்காந்துட்டாங்க. பெட்டிக் கயித்துல இருந்த முடிச்ச விரலால தடவிக்கிட்டே இருந்தாங்க. இன்னும் இறுக்கமாத்தான் இருந்துச்சு. மனசுக்குள்ள, சரி, நாலு மணிக்குப் போயிரலாம்னு முடிவு பண்ணிட்டாங்க.

மத்தியானம் சோறு தின்னு முடிச்சதும் வஞ்சி யாருகிட்டயும் சொல்லாம நைசா வெளிய போனா. போறதா இருந்தாலும் டீச்சர் டீச்சர்தானே, பிள்ளை எங்க போகுதுன்னு பின்னாடியே போனாங்க.

வஞ்சி குடோன் ஜன்னல்கிட்டப் போயி, ரெண்டு செங்கல்ல ஏறி நின்னு எட்டிப் பாத்தா. உள்ள கூப்புட்டா யாருக்கும் கேக்காது. சரசாவுக்கு ஏற்கெனவே காது பாதிதான், மீதியத் தறி தின்னுருச்சு. ஆனா சரசா நிமிந்தா. மகளப் பாத்தா. வலது கைய நெஞ்சு மேல வெச்சா. வஞ்சியும் தன் நெஞ்சு மேல கைய வெச்சா. அவ்வளவுதான், இறங்கிட்டா.

திரும்பினா டீச்சர்.

"அது என்ன வஞ்சி?"

இப்பவும் மெதுவாத்தான் கேட்டாங்க. வஞ்சிக்கு முதல்ல பயமா இருந்துச்சு. ஆனா அம்மாவத்தான் இப்போ பாத்துட்டாளே. அதனால பதில் சொன்னா, கத்தித்தான் சொன்னா, "'நான் இருக்கேன்'னு அர்த்தமுங்க! தினமும் வந்து பாத்துட்டுப் போவேன்!"

டீச்சரும் ஜன்னல்ல எட்டிப் பாத்தாங்க. அப்புறம், "வேற என்னென்ன இருக்கு?"ன்னு கேட்டாங்க.

ஜன்னல் வழியா வஞ்சி காட்டுனா. அங்க ஒருத்தர் ரெண்டு விரல ஒட்ட வெச்சு, டக்குனு பிரிச்சாரு. நூல் அறுந்துபோச்சாம். இன்னொருத்தர் ஓடி வந்தாரு. அப்புறம் ஒரு அம்மா உள்ளங்கையக் காட்டி மெதுவாக் கீழ இறக்குனாங்க. அவங்க தறிய மட்டும் நிறுத்தச் சொல்றாங்களாம். அந்தக் குடோன்ல யாருமே கத்தல கண்ணு. அங்க கத்திப் பிரயோஜனமே இல்ல. கையாலதான் பேசிக்கிட்டாங்க.

"நூல் அறுந்ததுக்கு யாரும் திட்ட மாட்டாங்களா?"

"அறுந்தா திட்ட மாட்டாங்க! அறுந்ததச் சொல்லாம ஓட்டுனாத்தான் திட்டுவாங்க! துணியெல்லாம் பாழாப்போயிருமுங்க!"

தூங்கிட்டியா?

"இல்ல... ம்."

மத்தியானம் டீச்சர் கிளாஸுக்கு வந்தாங்க. ஒண்ணும் பேசல. உள்ளங்கையக் காட்டி மெதுவாக் கீழ இறக்குனாங்க.

ஒருத்தன் பாத்தான். பக்கத்துல இருந்தவன இடிச்சான். "டேய், டீச்சர் தறிய நிறுத்தச் சொல்றாங்கடா!" அவன் அடுத்தவன இடிச்சான். அலை அடங்குற மாதிரி பின் பெஞ்சு வரைக்கும் அடங்குச்சு. இந்தத் தடவை யாரும் அழல. ரெண்டு பக்கமும் குடோன் ஓடிக்கிட்டே இருந்துச்சு இல்ல, சடக்கு-சடக்கு. ஊரு உசுரோடதான் இருக்கு. அமைதியா இருந்தது பிள்ளைங்க மட்டும்தான்.

டீச்சர் ரெண்டு விரல ஒட்ட வெச்சு டக்குனு பிரிச்சாங்க. போர்டுல பெருசா எழுதுனாங்க, "புரியலேன்னா இதைக் காட்டு. திட்ட மாட்டேன்." எழுதிட்டுத் திரும்பினா, பின் பெஞ்சுல ஒருத்தன் அதுக்குள்ள ரெண்டு விரலையும் பிரிச்சுக் காட்டுறான். அவனுக்கு எழுத்துக்கூட்டவே வரலையாம். போன வருஷம் முழுக்க யாருக்கும் தெரியாம ஒளிச்சு வெச்சிருந்தான். டீச்சர் போயி அவன் பக்கத்துல உக்காந்து படிச்சுக் காட்டுனாங்க.

அப்புறம் பேரு கூப்புட்டாங்க. மெதுவாத்தான். பேருக்கு வாயசைஞ்சா அந்தப் பிள்ளைங்களுக்குப் போதும், தறிக்காரங்க பெத்த பிள்ளைங்களாச்சே. ஒவ்வொருத்தரா நெஞ்சு மேல கைய வெச்சாங்க. நான் இருக்கேன். நான் இருக்கேன். நான் இருக்கேன்.

கடைசியா வஞ்சி எந்திரிச்சா. அவ கைய வெக்கல. "டீச்சர், உங்க பேரக் கூப்புடலையே?"ன்னு கேட்டா.

அப்போன்னு பாத்து வெளிய, பாம்ம்ம்ம்!

நாலு மணி பஸ்ஸு.

கிளாஸு முழுக்கப் பெட்டியப் பாத்துச்சு. கயித்துல முடிச்சு அப்படியே இருந்துச்சு. வஞ்சி ரெண்டு விரலையும் ஒட்ட வெச்சா. பிரிக்காம, டீச்சரையே பாத்துக்கிட்டு நின்னா. அறுந்துபோகுமா, போகாதா?

கண்டக்டரு படியில தொங்கிக்கிட்டு, "ஏனுங் டீச்சர், சீட்டு இருக்குது, வாரீங்களா?"ன்னாரு.

டீச்சர் வாசலுக்கு வந்தாங்க. வலது கைய நெஞ்சு மேல வெச்சாங்க. "நான் இருக்கேன்"னு சொன்னாங்க. அந்த மெலிசுக் குரலு பஸ்ஸு வரைக்கும் எங்க போகும்? "என்னங்க? கேக்கலைங்க!"ங்குறாரு கண்டக்டரு.

டீச்சர் திரும்பி வஞ்சியப் பாத்து லேசாத் தலையாட்டுனாங்க. அப்போ அத்தனை பிள்ளைங்களும் வாசலுக்கு வந்து, ஒரே தொண்டையா, ஒரே மூச்சா:

"டீச்சர் வரலைங்கோஓஓஓ!"

வேப்பமரத்துல இருந்த காக்காயெல்லாம் சடசடசடன்னு பறந்துபோச்சு. கருப்பண்ணத் தாத்தா கட்டில்ல எந்திரிச்சு உக்காந்துட்டாரு. கண்டக்டரு கையிலிருந்த விசில் கீழ விழுந்துருச்சு.

பஸ்ஸு போயிருச்சு.

சாயங்காலம் சரசா வந்து அந்தப் பெட்டியத் தலையில தூக்கி வெச்சுக்கிட்டா. "எங்கூட்டுல ஒரு ரூமு சும்மாத்தானுங் கெடக்குது"ன்னு கத்துனா. வீட்டுக்குப் போயி, கயித்து முடிச்ச வஞ்சிதான் பல்லால கடிச்சு அவுத்தாளாம்.

அன்னைக்கு ராத்திரி டீச்சர் குனிஞ்சு வஞ்சி காதுல, ரொம்ப மெதுவா, "கண்ணு, தூங்கு"ன்னாங்க. வஞ்சிக்குப் பயமே வரல.

நாளைக்கு உனக்கும் புது டீச்சர். புரியலேன்னா ரெண்டு விரலப் பிரிச்சுக் காட்டு. அவங்களுக்குத் தெரியாதுதான், நீ சொல்லிக் குடு.

என்ன, "ம்"மையே காணோம்?

ஓ... நெஞ்சு மேல கைய வெச்சிருக்கியா. சரி, சரி. நானும் வெச்சிருக்கேன் பாரு.

பஸ்ஸு போயிருச்சு, கதை இங்கயே தங்கிருச்சு. தூங்கு கண்ணு.