இடது காதில் நாதம்

"அம்மை, எனக்கு நாதம் கேட்க ஆரம்பிச்சிட்டு," என்றார் தவசிலிங்கம்.

அம்மை ஏதோ கடிதம் படித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எந்தக் காதுல?" என்றார், உரக்க.

தவசிலிங்கம் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் கவனித்துப் பார்த்தார்.

"இடது காதுல."

"வலது காதுல?"

"அதுல இன்னும் வரலை."

அம்மை கடிதத்தை மடித்து வைத்தார்.

மலைச்சரிவில் இருந்த அந்த மடத்தில் அம்மைதான் குரு. வயது நாற்பத்தைந்து இருக்கும். தவசிலிங்கத்துக்கு அறுபத்திரண்டு. முப்பத்தோரு வருஷம் விசைத்தறிக் கொட்டகையில் நின்று துண்டு நெய்தவர். பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்த கையோடு, இனி கடவுளைத் தேடலாம் என்று மலையேறி வந்துவிட்டார். மற்றவர்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடும் அம்மை, அவரை மட்டும் அண்ணாச்சி என்பார்.

வந்த இரண்டு வருஷத்தில் தவசிலிங்கம் பெரிய பெயர் எடுத்திருந்தார். பொறுமைக்கு. அவருக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. யார் என்ன சொன்னாலும் ஒரு புன்னகை, ஒரு கும்பிடு. வெளியூரிலிருந்து வருகிறவர்களிடம், "அந்தா இருக்காரே, அவரைப் பாருங்க" என்று காட்டுவார்கள்.

இப்போது, தியானத்தில் கனிந்தவர்களுக்கு மட்டுமே உள்ளே கேட்கும் என்கிற அந்த நாதமும் வந்துவிட்டது. காலையில் நாலு பேர் வரிசையாக வந்து, அவர் இடது காதோடு தங்கள் காதை ஒட்டிவைத்துக் கேட்டுவிட்டுப் போனார்கள். ஒருவர் தனக்கும் லேசாகக் கேட்டது என்று சத்தியம் செய்தார்.

"எப்படி இருக்கு அந்த நாதம்?" என்றார் அம்மை.

"கிர்ர்ருனு இருக்கு. நிக்கவே மாட்டேங்குது."

"பதினோரு மணிக்கு பஸ் இருக்கு அண்ணாச்சி. டவுன்ல எஸ்தர்னு ஒரு காது டாக்டர். பார்த்துட்டு வாங்க."

தவசிலிங்கத்துக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் பொறுமைசாலி. கும்பிட்டுவிட்டுப் போனார்.

*

டாக்டர் எஸ்தர் அவரை ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்தார். தலையில் ஹெட்போன். கையில் ஒரு பொத்தான்.

"சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்துங்க."

தவசிலிங்கம் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலில் இரண்டு மூன்று தடவை கேட்டது. அழுத்தினார். அப்புறம் ஒன்றும் வரவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

"மிச்சத்தை எப்போ போடுவீங்க?"

"எல்லாம் போட்டு முடிச்சிட்டேன்யா," என்றார் டாக்டர், உரக்க.

பிறகு ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார்.

"வெளியே சத்தம்னு எதுவும் இல்லை. காத்து அதிருது, அவ்வளவுதான். அது வந்து செவிப்பறையைத் தட்டும். மூணு குட்டி எலும்பு அதை வாங்கி உள்ளே தள்ளும். உள்ளே நத்தைக்கூடு மாதிரி ஒண்ணு. அது நிறைய நீர். நீர் ஆடினா, அதுக்குள்ள நாத்து மாதிரி நிக்கிற பொடிப்பொடி முடிகள் ஆடும். இந்தப் பக்கத்து முடி ஆடினா கீச்சுக்குரல். அந்தப் பக்கத்து முடி ஆடினா கனத்த குரல். அந்தத் தகவல் மூளைக்குப் போகும். மூளைதான் அதைச் சத்தமா ஆக்குது."

"சரி."

"உங்க தறிச் சத்தம் இந்த முடிகளைச் சாய்ச்சிட்டுது. பேய் மழையில நாத்து சாயுமே, அப்படி. இந்தப் பக்கத்துல இருந்து தகவலே போகலை. இடதுல ரொம்ப மோசம்."

"அப்போ நாதம்?"

"மூளைக்குச் சும்மா இருக்கத் தெரியாது. தகவல் வராத இடத்துல அதுவா ஒரு சத்தத்தைப் போட்டு நிரப்பிக்கிடுது."

தவசிலிங்கம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நத்தைக்கூடு அழகாகத்தான் இருந்தது.

"கடவுள் இல்லையா?"

"அது என் டிபார்ட்மெண்ட் இல்லைங்க," என்று சொல்லி, டாக்டர் அவர் இடது காதில் ஒரு காது மெஷினை மாட்டிவிட்டார்.

உலகம் தடதடவென்று உள்ளே வந்தது.

மின்விசிறி கத்தியது. தாள் கிழிவதுபோலச் சரசரத்தது, பார்த்தால் டாக்டர் அதை மடிக்கத்தான் செய்தார். தெருவில் பின்னாலேயே யாரோ வருகிறார்கள் என்று தவசிலிங்கம் மூன்று முறை திரும்பிப் பார்த்தார். அது அவருடைய செருப்பு.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கவனித்தார். நாதம் அடங்கிப்போயிருந்தது. இறங்கும்வரை அவருக்கு ஒரு மாதிரியாகவே இருந்தது.

*

மறுநாள் மதியம் பந்தி. மடத்தின் சமையல்காரர் பிச்சாண்டி சாம்பார் வாளியோடு வந்தார். நல்ல மனிதர். இரண்டு வருஷமாகத் தவசிலிங்கத்தின் இலைக்கு வரும்போதெல்லாம் ஏதோ மந்திரம் முணுமுணுத்துவிட்டுத்தான் பரிமாறுவார். மற்றவர்களுக்கு அதைச் செய்வதில்லை. தவசிலிங்கம் மனம் நெகிழ்ந்து கும்பிடுவார்.

இன்றும் பிச்சாண்டி குனிந்தார். உதடுகள் அசைந்தன.

"இந்தா கொட்டிக்க. வயிறா, கிணறா? மலையேறினதே இதுக்குத்தான. செவிட்டுக் கழுதை."

கும்பிடப் போன கை அந்தரத்தில் நின்றது.

"யாருடா கழுதை?"

பந்தியில் எல்லோரும் இலையிலிருந்து தலையைத் தூக்கினார்கள்.

பிச்சாண்டிக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயையோ, உமக்கு... காது கேட்குதா?"

அடுத்து நடந்ததைப் பலரும் பலவிதமாகச் சொல்கிறார்கள். வாளி கவிழ்ந்தது மட்டும் உறுதி. பிச்சாண்டியின் தலையிலிருந்து ஒரு முருங்கைக்காய் வழுக்கி விழுந்ததும் உறுதி. தவசிலிங்கத்தின் வாயிலிருந்து வந்தவை தறிக் கொட்டகையில் மட்டுமே புழங்கும் சொற்கள். வெளியூரிலிருந்து அவரைத் தரிசிக்க வந்திருந்த குடும்பம் இலையை மூடிவிட்டு எழுந்தது.

*

சாம்பார்ச் சட்டையோடு தவசிலிங்கம் அம்மை முன்னால் போய் நின்றார். காது மெஷினைக் கழற்றித் தரையில் வைத்தார்.

"இதைத் திருப்பிக் கொடுத்துருங்க. இது இல்லாம நான் நல்லவனா இருந்தேன்."

அம்மை குனிந்து அதைப் பார்த்தார்.

"ரெண்டு வருஷம் அம்மை. சேர்த்து வச்ச நல்ல பேரெல்லாம் ஒரு கரண்டி சாம்பாருல போச்சு. எனக்குப் பொறுமையே கிடையாது போலிருக்கு. காதுதான் கேட்கலை. இனிமே நான் என்ன செய்ய? ஊருக்கே போயிரவா? நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க."

அம்மை அவரை நேராகப் பார்த்தார். உதடுகள் மெல்ல அசைந்தன.

தவசிலிங்கத்துக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தக் குரல் அடிவயிறுவரை இறங்கியது. கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுந்து எழுந்தார்.

"போதும் அம்மை. இது போதும் எனக்கு."

அம்மை தரையில் கிடந்த மெஷினைக் காட்டி, மாட்டிக்கொள்ளச் சொல்லிச் சைகை செய்தார். அவர் மாட்டிக்கொண்டார்.

"என்ன கேட்டுது?" என்றார் அம்மை.

"'நீ எங்கேயும் போகாண்டாம், இங்கேயே இரு'ன்னீங்க. அவ்வளவு கனிவா இதுவரைக்கும் நீங்க பேசினதே இல்லை அம்மை."

"கடலை மிட்டாய் அண்ணாச்சி," என்றார் அம்மை, மென்றுகொண்டே. "பல்லுல ஒட்டிக்கிட்டு."