அல்லி வாங்கிய பழைய கிட்டார்

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில் அல்லி என்று ஒரு கரடி இருந்தாள். எதிரில் நிற்பவரின் முகம் வாடினால் அவளுக்குத் தாங்காது. அதனால் யாரிடமும் எதையும் மறுத்துப் பேசமாட்டாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், குழந்தைகளே. அல்லி அருமையாகக் கிட்டார் வாசிப்பாள். அவள் நகங்கள் தந்தியில் ஓடினால் மான்கள் மேய்ச்சலை விட்டுவிட்டு வந்து நிற்கும். ஆனால் போன மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் குகைக்குள் புகுந்து, அந்தக் கிட்டாரை அடித்துக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து அவளுக்குப் பொழுதே போகவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாலும் விரல்கள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும்.

ஒருநாள் காலை அத்திமரத்து உச்சியிலிருந்து மிளகன் என்ற குரங்கு கூவினான். மிளகன் பேச்சில் கெட்டிக்காரன்.

"கிட்டார் விற்பனைக்கு. காட்டு பங்களாவில் தங்கியவர்கள் விட்டுப்போன கிட்டார். முகப்பலகை ஒரே மரம், ஒட்டுப்பலகை இல்லை. கழுத்து அம்புபோல நேராக இருக்கும். ஒருமுறைகூடக் கீழே விழுந்ததில்லை. எந்த இடத்திலும் பிசின் போட்டு ஒட்டியதில்லை."

அல்லி மூச்சிரைக்க ஓடிவந்து மரத்தடியில் நின்றாள்.

"அதற்கு ஈடாக என்ன கேட்கிறாய், தம்பி?"

"உங்கள் தேன்மரம், அக்கா. இந்தக் கோடை முழுவதும் அது எனக்கு."

அல்லி தயங்கினாள். அந்த வேங்கை மரத்தில் ஐந்து பெரிய தேன்கூடுகள் இருந்தன. கோடையில் ஓடை வற்றி, பழங்களும் தீர்ந்துபோன பிறகு, அவளுக்கும் அவளுடைய இரண்டு குட்டிகளுக்கும் அந்தத் தேன்தான் சாப்பாடு.

ஆனாலும் ஆசை விடவில்லை. மிளகன் சொன்னது அத்தனையும் உண்மையென்றால், கறையான் புற்றைத் தோண்டித் தின்றாவது ஒரு கோடையைச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தாள்.

"கொஞ்சம் கீழே கொண்டுவா. பார்க்கிறேன்."

"பார்க்க என்ன இருக்கிறது? அதுதான் எல்லாம் சொல்லிவிட்டேனே. கடமான் வேறு கேட்டிருக்கிறது. உச்சி வெயிலுக்குள் வந்துவிடும்."

"பார்த்துவிட்டுச் சொல்கிறேன்."

மிளகன் முகம் வாடிப்போயிற்று. "என்னை நம்பவில்லையா, அக்கா?"

அவ்வளவுதான், அல்லிக்குப் பேசாமல் மரத்தைக் கொடுத்துவிடலாமா என்றிருந்தது. ஆனால் குகையில் தூங்கிக்கொண்டிருந்த குட்டிகளின் நினைவு வந்தது.

"உன்னை நம்பாமல் இல்லை, தம்பி. வாசிக்கப்போவது நான். கையில் எடுத்துப் பார்த்தால்தான் எனக்கு மனசு ஆறும்."

மிளகன் முணுமுணுத்துக்கொண்டே கிட்டாரைத் தூக்கிக்கொண்டு இறங்கினான்.

அல்லி அதை மடியில் வைத்துக்கொண்டு, நடுவில் இருந்த வட்டத் துளையை வெயில் படும்படி சாய்த்தாள். ஒட்டுப்பலகை என்றால் துளையின் ஓரத்தில் அடுக்கு அடுக்காகத் தெரியும். இதில் அடுக்கு இல்லை. மேலே ஓடிய மரக் கோடுகள் அப்படியே ஓரத்திலும் இறங்கின. ஒரே மரம்தான்.

பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தின் நீளத்தைப் பார்த்தாள். ஒரு வளைவும் இல்லை.

"பார்த்தீர்களா?" என்றான் மிளகன். "இப்போதாவது நம்புகிறீர்களா?"

அல்லிக்கு வெட்கமாகப் போயிற்று. ஒரு நல்லவனைச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று வருந்தினாள். "சரி, தம்பி, மரத்தை..." என்று தொடங்கியபோதே அவள் நகம் தானாகத் தந்தியைத் தட்டியது. 'தொம்' என்று ஒரு சோம்பேறிச் சத்தம் வந்தது.

"தந்தி ஏன் இப்படித் தொளதொளவென்று இருக்கிறது?"

"தளர்த்தி வைத்தால் கிட்டாருக்கு ஓய்வு, அக்கா. பொருளை அருமையாக வைத்துக்கொள்கிறவர்கள் அப்படித்தான் வைப்பார்கள்."

"அப்படியா? சுருதி கூட்டி ஒரே ஒரு பாட்டு வாசித்துப் பார்க்கிறேன்."

"வேண்டாம். வீட்டில் போய்க் கூட்டிக்கொள்ளுங்கள்."

இதுவரை அவ்வளவு பேசிய மிளகன் இதை மட்டும் சுருக்கமாகச் சொன்னான். அல்லி அவனை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு திருகுகளை முறுக்கத் தொடங்கினாள்.

இரண்டு தந்திகள் ஏறின. மூன்றாவதை முறுக்கும்போது கிட்டாரின் வயிற்றிலிருந்து 'கிறீச்' என்று சத்தம் வந்தது. தந்திகளின் கீழ்முனையைப் பிடித்திருந்த சின்ன மரக்கட்டை ஒரு பக்கம் லேசாக எழும்பியிருந்தது.

அல்லி தரையில் கிடந்த ஓர் அத்தி இலையை எடுத்து அந்தக் கட்டையின் அடியில் செருகினாள். நன்றாகப் பதிந்த கட்டையென்றால் இலையின் நுனிகூட உள்ளே போகாது. இங்கே பாதி இலை போய்விட்டது. இழுத்துப் பார்த்தால் அதில் பிசின் பிசுபிசுத்தது. இன்னும் காயாத வேப்பம்பிசின்.

தந்தி தளர்ந்திருந்தவரை அந்தப் பிசின் தாங்கியது. இழுவிசை ஏறியதும் விட்டுவிட்டது.

"விழுந்ததில்லை என்றாய். ஒட்டியதில்லை என்றாய்" என்றாள் அல்லி.

மிளகன் வாலைச் சொறிந்துகொண்டு நின்றான். "போன வாரம் கிளையிலிருந்து நழுவிவிட்டது. நேற்றுத்தான் நான் ஒட்டினேன்" என்றான் மெல்ல.

"அப்படியானால் எனக்கு வேண்டாம்."

சொல்லிவிட்டு அல்லி காத்திருந்தாள். மிளகனின் முகம் வாடத்தான் செய்தது. ஆனால் தனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அடிமரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, நீளமாக மூச்சு விட்டாள். தேன்மரம் அவளுடையதாகவே இருந்தது. குட்டிகள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

"கடமான் வந்தால் அதனிடமும் இதைச் சொல்லிவிடு" என்றாள்.

"கடமான் வராது, அக்கா. யாருமே கேட்கவில்லை."

அல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கட்டை பெயர்ந்த கிட்டார் என்று முதலிலேயே சொல்லியிருந்தால், ஒரு தேனடைக்கு வாங்கியிருப்பேன், தம்பி. கட்டையைச் சரிசெய்துவிடலாம். மரமும் கழுத்தும் நன்றாகத்தான் இருக்கின்றன."

மிளகன் தலையைச் சொறிந்தான். "இப்போது சொன்னால் ஆகாதா? முகப்பலகை ஒரே மரம். கழுத்து நேர். கீழே விழுந்தது, கட்டை பெயர்ந்திருக்கிறது. ஒரு தேனடை போதும்."

"சரி" என்றாள் அல்லி.

தேனடையை வாங்கிக்கொண்டபோது மிளகனின் முகத்திலும் ஒரு நிம்மதி தெரிந்தது. காலையிலிருந்து பொய்யைக் காத்துக் காத்து அவனும் களைத்துப்போயிருந்தான்.

அல்லி பழைய பிசினைச் சுரண்டி எடுத்தாள். புதுப் பிசின் தடவி, கட்டையின் மேல் ஒரு கல்லை வைத்து, நான்கு நாள் தொடாமல் இருந்தாள். ஐந்தாம் நாள் ஆறு தந்திகளும் முழுச் சுருதியில் நின்றன.

அந்தக் கோடையில் ஓடை வற்றியது, பழங்களும் தீர்ந்தன. வேங்கை மரத்தடியில் அல்லி வாசித்துக்கொண்டிருக்க, மூக்கெல்லாம் தேன் அப்பியபடி குட்டிகள் வயிறு நிறைந்து தூங்கின.

நீதி: விற்பவர் என்ன சொன்னாலும் பொருளைச் சோதித்துப் பார்த்தே வாங்கு, அவர் மனம் நோகுமே என்று தயங்காதே.