அழுக்குக் கை அலுவலர்

முட்டாள்கள் தனித்தனியாக இருக்கிறவரை ஊருக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. நாலு பேரை ஒன்றாகச் சேர்த்துச் சட்டையில் பேட்ஜும் குத்திவிட்டால்தான் வினை. வடசென்னையில் கால்வாய் ஓரமாக இருந்த ஒரு மாநகராட்சிப் பள்ளியில் அந்தப் புண்ணியத்தைக் கட்டிக்கொண்டவர் அமலோற்பவம் மிஸ்.

பெரியவர்கள் சொன்னால் பிள்ளைகள் கேட்பதில்லை, பிள்ளைகளுக்குப் பிள்ளைகளே சொல்லட்டும் என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. மிஸ் எட்டாம் வகுப்பில் நாலு பேரைப் பொறுக்கி 'மாணவர் சுகாதாரப் படை' அமைத்தார். மோனிஷா தலைவி. சூசைராஜ், ரஹீமா, டில்லிபாபு மூவரும் படை. கையில் ஒரு தாளைக் கொடுத்து, "இதுல இருக்கிறத அப்படியே செய்யணும். சொந்தப் புத்திய உபயோகிக்கக் கூடாது" என்றார். அந்தக் கவலை அவருக்குத் தேவையே இல்லை.

மோனிஷாவுக்கு இதில் சொந்தக் கஷ்டம் ஒன்று இருந்தது. பெண்கள் கழிப்பறையின் கதவு போன மழையில் உளுத்து விழுந்தது, விழுந்ததுதான். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி துப்பட்டாவை விரித்துப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்க வேண்டும். காற்றடித்தால் மானம் போகும். அதற்குப் பயந்தே மோனிஷா காலையிலிருந்து பள்ளி விடும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள். மாதக் கடைசியில் சுகாதார அதிகாரி வருவார், படை ஒழுங்காக வேலை செய்தால் கேட்டது கிடைக்கும் என்று மிஸ் சொன்னதும், "கதவு, மிஸ். தாழ்ப்பாளோட" என்றாள்.

தாளில் முதல் விதி: சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவு. இரண்டாம் விதி: கழுவிய கையால் அழுக்கானது எதையும் தொடாதே.

மறுநாள் சத்துணவு மணி அடித்ததும் சூசைராஜ் குழாயைத் திறந்து, நுரை பொங்கக் கழுவி, மூடக் கையை நீட்டினான். நீட்டியவன் அப்படியே நின்றுவிட்டான்.

"டேய், மூடுடா, தண்ணி போவுது!" என்றாள் மோனிஷா.

"எப்படி மூடுறது? தொறக்கும்போது கை அழுக்கு. அந்த அழுக்கு இப்ப குழாய் மேலதான குந்தினு இருக்கு? தொட்டா திரும்ப என்கிட்டயே வந்துடும்."

"அப்ப மூடிட்டு இன்னொரு வாட்டி கழுவு" என்றாள் ரஹீமா.

"கழுவணும்னா தொறக்கணுமே."

நால்வரும் உட்கார்ந்து யோசித்தார்கள். யோசித்து முடிப்பதற்குள் தொட்டி காலி.

"தானா நின்னுடுச்சு! யாரும் தொடல" என்று சூசைராஜ் சந்தோஷமாகச் சாப்பிடப் போனான். மற்ற இருநூறு பிள்ளைகள் கழுவாத கையோடு சாப்பிட்டார்கள்.

சாயங்காலம் கூட்டம் போட்டார்கள். மோனிஷாதான் கண்டுபிடித்தாள்.

"எல்லாருக்காகவும் குழாயத் தொறக்க, மூட, கழுவவே கழுவாத கை ஒண்ணு வேணும்."

"என் கை இருக்கு!" என்று துள்ளினான் டில்லிபாபு. ரஹீமா முகர்ந்து பார்த்து, தகுதியான கைதான் என்று சொன்னாள். அன்றே அவன் சட்டையில் 'அழுக்குக் கை அலுவலர்' என்று பேட்ஜ் ஏறியது.

இதிலும் ஒரு சிக்கல். தண்ணீர் தெறித்துத் தெறித்து டில்லிபாபுவின் கை சுத்தமாகிக்கொண்டே வந்தது. பதவி போய்விடுமே! ஆகவே தினமும் காலையில் அவனைக் கால்வாய்க்கரைக்குக் கூட்டிப்போய் முழங்கை வரை சேறு பூசினார்கள். சேற்றுக் கையால் சாப்பிட முடியாதல்லவா? மற்ற மூவரும் முறை வைத்து ஊட்டினார்கள். முட்டையைக்கூட உரித்துத்தான் ஊட்டினார்கள். வீட்டில் அவனுக்கு யாரும் இப்படி ஊட்டியதில்லை. பதவி சுகம் என்பது லேசா?

அதிகாரியம்மா வந்தார். இருநூறு பிள்ளைகளும் கழுவிய கை எதிலும் பட்டுவிடாமல், போலீஸில் பிடிபட்டவர்கள் மாதிரி தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு வரிசையாகச் சாப்பிடப் போனார்கள்.

"நான் எந்த ஸ்கூல்லயும் இப்படிப் பார்த்ததே இல்ல" என்றார் அம்மா. சத்தியமான வார்த்தை. உடனே கதவுக்கு உத்தரவு எழுதி நீட்டினார். எத்தனை பேர் தொட்ட தாளோ! யாரும் வாங்கவில்லை. டில்லிபாபு முன்னால் வந்து, சேறு சொட்டச் சொட்ட வாங்கிக்கொண்டான்.

"இந்தப் பையன் கை மட்டும் ஏன் இப்படி?"

"அது அவன் டூட்டி, மேடம்" என்றாள் மோனிஷா. அம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

பத்தே நாளில் கதவு வந்தது. நீலப் பெயின்ட், கனமான பலகை, உள்பக்கம் பளபளவென்று தாழ்ப்பாள். மோனிஷாவுக்கு அழுகையே வந்துவிட்டது. வருஷத்திலேயே முதல்முறையாக வயிறு முட்டத் தண்ணீர் குடித்தாள். மூன்றாம் பீரியடில் உள்ளே போய், டொக்கென்று தாழ்ப்பாள் போட்டாள். என்ன நிம்மதி! வாளித் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். தாழ்ப்பாளைத் திறக்கக் கையை நீட்டினாள்.

நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கடைசி மணியும் அடித்தது. "ஏண்டி இன்னும் வரல?" என்று வெளியிலிருந்து கத்தினாள் ரஹீமா.

"கழுவின கைடி! தாழ்ப்பாளு அழுக்குக் கையால போட்டது."

"டில்லியக் கூப்பிடவா?"

"ஐயோ, பொம்பளப் புள்ளைங்க கக்கூஸ்ல அவனா?"

"கூப்பிட்டாலும் பிரயோஜனம் இல்ல. தாழ்ப்பாளு உள்ளதான இருக்கு" என்றான் சூசைராஜ். அவன்தான் படையிலேயே அறிவாளி.

வாட்ச்மேன் வந்து வெளிக்கீலைக் கழற்றி, கதவை அலாக்காகத் தூக்கி எடுத்த பிறகுதான் மோனிஷா கையை உயர்த்திக்கொண்டு வெளியே வந்தாள். அங்கேயே கூட்டம் போட்டார்கள். கதவைத் திரும்ப மாட்டினால் மறுபடி ஆபத்து, மாட்டாவிட்டால் மானம் போச்சு. யோசித்து, ரஹீமாவையும் இன்னொரு பெண்ணையும் கூடுதல் அழுக்குக் கை அலுவலர்களாக நியமித்தார்கள். யாராவது உள்ளே போனால் இருவரும் கதவைத் தூக்கி வாசலில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வேலை முடிந்ததும் நகர்த்துவார்கள்.

ஒரு வாரம் கழித்து அதிகாரியம்மாவுக்குச் சேறு படிந்த கடிதம் ஒன்று போனது. மோனிஷா, சூசைராஜ் கை சுத்தம், ரஹீமாவின் கை கதவில்; ஆகவே டில்லிபாபுதான் எழுதினான்:

"மதிப்பிற்குரிய அம்மா, கதவு ரொம்ப நன்றாக இருக்கிறது. ஆனால் பிடித்துக்கொண்டு நிற்பவர்களுக்குத் தோள் வலிக்கிறது. அடுத்த தடவை துப்பட்டா மாதிரி லேசான கதவாக அனுப்பிவைக்கவும்."