புளித்துப்போன புரொபசர்

"அம்மா, நான் ஊருக்குக் கிளம்புறேன்" என்றார் தளவாய்.

கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தே தலை நரைத்தவர். மனைவி காலமான பிறகு வீட்டில் இருப்புக்கொள்ளாமல், மலையடிவாரத்தில் இருந்த அந்த ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். ஆசிரமத்தை நடத்திவந்த மங்கையம்மா வயதில் அவரைவிட இளையவர். ஆனாலும் அவர்தான் குரு, இவர் சீடர்.

மங்கையம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"என்ன குறை, ஐயா?"

"சமையல்கட்டுல என்னை மதிக்கிறதில்லை."

"யாரு?"

"பேச்சியம்மாள்தான். காலையில ஜன்னல் பக்கமா வந்தேன். 'ஏட்டி, நாய்க்கு ஒரு புரொபசர் வச்சியா?'ன்னு கேக்காங்க. அதுக்கு முப்பிடாதி சொல்லுது, 'நேத்தைய புரொபசர் புளிச்சுப்போச்சுக்கா, மாட்டுத்தொட்டியில கொட்டிட்டேன்'னு!"

மங்கையம்மாவின் தோள்கள் குலுங்கின.

"சிரிக்காதீங்கம்மா. அது எவ்வளவு பெரிய சொல்லு தெரியுமா? நாலு பேர் முன்னால எழுந்து நின்னு, தான் நம்புறதை உரக்கச் சொல்றவன்னு அர்த்தம்."

"காலேஜ்ல பாடம் நடத்துறவர்னு இல்ல நெனச்சேன்?"

"அது... பிற்பாடு வந்த அர்த்தம்."

"ஓ."

ஒரு தண்டு ஒடிந்தது.

"கம்ப்யூட்டர் பக்கத்துல வச்சு நகட்டுறோமே, அதை ஏன் மவுஸ்னு சொல்றாங்க?"

"பாக்க எலி மாதிரி இருந்துச்சு. வாலு மாதிரி வயர். ஒண்ணோட சாயல் இன்னொண்ணுல தெரிஞ்சா, சொல்லு அங்க தாவிரும்."

"இப்பல்லாம் வயர் இல்லாமயே வருதே?"

"பேரு ஒட்டிக்கிட்டா அப்புறம் போகாதும்மா."

"அப்போ சமையல்கட்டுல எந்தச் சாயலைப் பாத்துத் தாவுச்சுன்னு கேட்டுட்டு வாங்க. அதுக்கப்புறம் கிளம்பலாம்."

தளவாய் விறுவிறுவென்று போனார்.

மதியப் பந்தி முடிந்து, பெண்கள் இருவரும் தரையைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"புரொபசர்னா என்ன?" என்றார், வகுப்பில் கேட்கிற அதே குரலில்.

முப்பிடாதி கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். பேச்சியம்மாள் சீலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க சார். புஸ்தகத்துல உக்காந்துட்டா உங்களுக்குச் சாப்பாட்டு மணியே கேக்காது. அதனால பந்தி போடுறதுக்கு முந்தியே, 'புரொபசருக்கு எடுத்து வையி'ன்னு சொல்லிருவேன். சொல்லிச் சொல்லி, 'ஒரு புரொபசர் எடுத்து வையி'ன்னு ஆயிட்டு."

"நாய்க்கு?"

"அதுவும் பந்தி நேரத்துல எங்கயாச்சும் சுத்தப் போயிருதுல்லா? சந்தைக்குப் போனவுக, காய்ச்சல்ல படுத்தவுக, யாருக்கு மூடி வச்சாலும் இங்க அது புரொபசர்தான் சார்."

தளவாயின் குரல் கொஞ்சம் இறங்கியது.

"அந்தப் புளிச்சுப்போனது?"

"அது ஒங்களுதுதான். நேத்து நீங்க வரவே இல்லியே. பொழுது அடையிற வரைக்கும் பாத்தோம். பெறவும் கொட்ட மனசில்லாம காலைல வரைக்கும் வச்சிருந்தோம்."

வீட்டில் தனக்கென்று கடைசியாக ஒரு தட்டு மூடியிருந்தது எப்போது என்று யோசித்தபடி நின்றார். அடுப்பு மேடையின் ஓரத்தில், ஈயம் பூசின மூடிக்குக் கீழே இன்றைய தட்டு இருந்தது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பஸ்ஸைத் தவறவிட்டு வெயிலில் நடந்தே வந்த வெளியூர்க்காரர் ஒருவர், படியில் தயங்கி நின்றார்.

"சாப்பாடு ஏதாச்சும் மிச்சம் இருக்குமா தாயி?"

பேச்சியம்மாள் கழுவிக் கவிழ்த்த பானைகளைப் பார்த்தாள். பிறகு மூடியிருந்த தட்டைப் பார்த்தாள். தளவாயைப் பார்க்கச் சங்கடப்பட்டு, தரையைப் பார்த்தாள்.

தளவாய் சுவரோரம் சாத்தியிருந்த பலகையை எடுத்துப் போட்டார்.

"உக்காருங்க அண்ணாச்சி" என்றார். "முப்பிடாதி, என் புரொபசரை இவருக்குப் போடும்மா!"