பாலைவனம் தாண்டிப் போன அரிசியும் பருப்பும்

ஒரு ஊர்ல ஒரு சமையக்காரி இருந்தாளாம். அவ பேரு மயிலாத்தா. மயிலான்னு கூப்பிடுவாங்க. ஊருன்னா நம்ம ஊரு மாதிரி கடைவீதி, பஸ் ஸ்டாண்டு எல்லாம் இருக்கற ஊரு இல்ல கண்ணு. ஆஸ்திரேலியாவுல, நட்டநடுப் பாலைவனத்துல, ஒரு சுரங்கம். அதுல வேலை செய்யறவங்க தங்கறதுக்கு வரிசையா தகர வீடு. அவ்வளவுதான் ஊரு. சுத்தி எங்க பார்த்தாலும் செம்மண்ணு. வானம் மட்டும் இவ்ளோ பெருசு.

"எவ்ளோ பெருசு அப்புச்சி?"

நம்ம மொட்டை மாடியில படுத்தா தெரியுமே, அது மாதிரி பத்து வானம்னு வெச்சுக்கோ.

"ம்."

மயிலா அந்த ஆளுங்களுக்கெல்லாம் சோறாக்கிப் போடுவாளாம். அவகிட்ட ஒரு மோட்டார் சைக்கிள் இருந்துச்சு. அவளைவிட வயசுல மூத்த வண்டி. சீட்டு கிழிஞ்சு, முன்னாடி விளக்கு ஒரு பக்கமா சாஞ்சு, பார்க்கவே பாவமா இருக்கும். ஸ்டார்ட் பண்ணா "டப... டப... டபடபடபடப"ன்னு கத்தும். மயிலா அதை "அம்மணி"ன்னுதான் கூப்பிடுவா. சின்ன வயசுல ஊர்ல பால் கேனைக் கட்டிக்கிட்டு வண்டி ஓட்டுனவ இல்லையா, அதனால ரிப்பேரு வேலையும் கொஞ்சம் கைவசம் இருந்துச்சு.

அப்புறம், அவளுக்கு ஒரே ஒரு தங்கச்சி. பேரு வஞ்சி. சின்னதுலயே அம்மாவைப் பறிகொடுத்த பிள்ளைங்க. வஞ்சியை இடுப்புல தூக்கிச் சுமந்து, சோறூட்டி, தலை சீவி வளர்த்ததெல்லாம் மயிலாதான். அந்த வஞ்சியும் ஆஸ்திரேலியாவுலதான் இருந்தா. ஆனா பாலைவனத்துக்கு அந்தக் கடைசியில ஒரு சின்ன ஊர்ல. பள்ளிக்கூடத்து டீச்சரு. அவ வீட்டுக்காரன் டேனி, வெள்ளைக்காரப் பையன், தங்கமான குணம். அப்போ வஞ்சி மாசமா இருந்தா.

"மாசமான்னா?"

வயித்துல பாப்பா.

"ம்."

ஒரு நாள் மயிலா அண்டாவுல குழம்பைக் கிண்டிட்டு இருக்கா, "ட்ரிங் ட்ரிங்"னு போன். எடுத்தா டேனி. குசுகுசுன்னு பேசறான்.

"அக்கா, வஞ்சிக்குத் தெரியாமப் பேசறேன். அவளுக்கு ஒண்ணுமே எறங்க மாட்டேங்குது. எது குடுத்தாலும் உவ்வேன்னு வெளிய வந்துருது. எலும்பும் தோலுமா ஆயிட்டா. இப்படியே போனா விமானத்துல ஏத்தி பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவோம், பிரசவம் வரைக்கும் அங்கயே இருக்கணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. தனியா அங்க போய்க் கெடக்கணுமான்னு ஒரே அழுகை."

மயிலா கரண்டியைக் கீழ வெச்சுட்டுக் கேட்டா. "என்ன சாப்பிடத் தோணுதுன்னு கேட்டியா?"

"கேட்டேன். அரிசியும் பருப்பும் சாதம்னா. நான் ரெண்டு தடவை ஆக்கிப் பார்த்தேன் அக்கா. முதல் தடவை சிமெண்டு மாதிரி ஆயிருச்சு. ரெண்டாவது தடவை... எங்க நாயே எந்திரிச்சுப் போயிருச்சு."

"என்கிட்ட ஏன் அவ சொல்லல?"

"சொன்னா அக்கா கிளம்பி வந்துருவா, வழி மோசம், சொல்லவே கூடாதுன்னுட்டா."

மயிலா போனை வெச்சா. அடுப்பை அணைச்சா. அப்புறம் ஏப்ரனைக் கழட்டி ஆணியில மாட்டிட்டா.

போறது எப்படி? பஸ்சு கிடையாது, ரயிலு கிடையாது. குட்டி விமானம் ஒண்ணு எப்பவாவது வரும், அதுவும் ரெக்கை ரிப்பேருன்னு படுத்துக் கெடக்கு. சுரங்கத்து லாரியெல்லாம் எதிர்த்திசையில போறது. அப்போ மிச்சம் இருக்கறது யாரு?

"அம்மணி!"

ஆமா கண்ணு, அம்மணியேதான்! அங்க மேனேஜரு ஆர்தர்னு ஒருத்தரு, நெஞ்சு வரைக்கும் தாடி. அவரு ஓடி வந்தாரு. "மயிலா, உனக்கென்ன கிறுக்கா? இந்த வண்டி கேன்டீனுக்கு வந்து சேர்றதே பெரும்பாடு. இதுல ஒத்தைப் பொம்பளை பாலைவனத்தைத் தாண்டப் போறியா?"

"என் தங்கச்சி பட்டினி கெடக்கறாளுங்க. எல்லாருக்கும் ஆக்கிப் போட்டுட்டு அவளுக்கு ஆக்காம எப்படிங்க இருக்கறது?"

அவரு தாடியைத் தடவுனாரு. "சரி, போ. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கோ. வண்டி நின்னு போச்சுன்னா வண்டியை விட்டு நடக்காதே. தேடி வர்றவங்களுக்கு வண்டி கண்ணுக்குத் தெரியும், ஆளு தெரியாது." சொல்லிட்டு அவரே ரெண்டு தண்ணிக் கேனைத் தூக்கி வண்டியில கட்டிவிட்டாரு.

ஒரு பையில அரிசி, துவரம்பருப்பு. ஒரு பையில சின்ன வெங்காயம். பூண்டு, சீரகம், வரமிளகா, ஒரு பாட்டில்ல நெய்யி. பின்னாடி பெட்ரோல் கேன். தலையில ஹெல்மெட்டு. ஒரு மிதி... "டப டப டபடபடபடப!" செம்மண் புழுதி "புஸ்ஸ்ஸ்"னு கிளம்ப, போயிட்டா.

"ம்..."

போறா, போறா, போயிட்டே இருக்கா. மரமில்ல, வீடில்ல, எதிர்ல ஒரு சைக்கிள்கூட இல்ல. எப்பவாவது ஒரு கங்காரு "திங் திங் திங்"னு தாண்டிப் போகும். பொழுது விழுந்தா வண்டிக்குப் பக்கத்துல பாயை விரிச்சுப் படுத்துக்குவா. விடிஞ்சா கிளம்பிருவா. பயமா இருந்தா பாட்டுப் பாடுவாளாம். பாட்டு வரி மறந்து போனா, "லாலலா லாலலா"ன்னு சமாளிச்சுக்குவா. கேக்கறதுக்குத்தான் யாரும் இல்லையே!

அப்போதான் முதல் சங்கடம் வந்துச்சு. ரோடு நல்லா வழவழன்னு தெரிஞ்சுது. ஆனா அது ரோடு இல்ல, பள்ளம் பூரா மாவாட்டம் புழுதி. முன் சக்கரம் போய் "சொதக்"னு எறங்கிச்சு. வண்டி ஒரு பக்கம் "பொத்", மயிலா ஒரு பக்கம் "பொத்"! எந்திரிச்சுப் பார்த்தா, தலையில இருந்து கால் வரைக்கும் மிளகாப்பொடியில பெரட்டி எடுத்த மாதிரி இருக்கா.

நல்லவேளை, அடி இல்ல. ஆனா வண்டியைத் தூக்க முடியல. இழுத்தா, "ஏலேலோ" போட்டா, ஒரு எத்துகூட எத்திப் பார்த்தா. அசையல. அப்புறம் கட்டி வெச்ச சாமான் எல்லாத்தையும் ஒண்ணொண்ணா அவுத்துக் கீழ வெச்சா. வண்டிக்கு முதுகைக் காட்டிக் குத்தவெச்சு, கையைப் பின்னாடி கொண்டு போய் சீட்டைப் புடிச்சு, காலை ஊனி... "ம்ம்ம்ம்ஹா!" எந்திரிச்சுருச்சு அம்மணி! சக்கரத்துல கொஞ்சம் காத்தை "உஸ்ஸ்"னு எறக்கிவிட்டா. அப்போதான் மணல்ல புதையாது. மெதுவா, மெதுவா, வாத்து நடக்கற மாதிரி அந்தப் புழுதியைத் தாண்டிட்டா. அப்புறம் கைப்பம்பை எடுத்து மறுபடி காத்தடிச்சுக்கிட்டா.

"ம்..."

ரெண்டாவது சங்கடம் இருக்கே, அது நாலு காலும் நீளக் கழுத்துமா வந்துச்சு.

"ஒட்டகச்சிவிங்கி!"

அங்க ஏது ஒட்டகச்சிவிங்கி? வெறும் ஒட்டகம். ஆஸ்திரேலியாவுல காட்டு ஒட்டகம் நிறைய உண்டு. ஒரு கூட்டமே ரோட்டை அடைச்சுக்கிட்டு நிக்குது. மயிலா ஹாரன் அடிச்சா. "பீ... பீ..." அதுங்க திரும்பிக்கூடப் பார்க்கல. எறங்கிப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டா. "கொஞ்சம் ஒதுங்குங்க சாமிகளா, மாசமா இருக்கற பிள்ளை காத்துட்டு இருக்கு."

அப்போ பெரிய ஒட்டகம் ஒண்ணு ஆடி அசைஞ்சு வந்துச்சு. மயிலாவைத் தாண்டிப் போச்சு. நேரா வண்டிகிட்டப் போய், கட்டியிருந்த பையை மோந்து பார்த்து, பல்லால கவ்வி, "வெடுக்!"

"அய்யய்யோ! அரிசியா?"

இல்ல இல்ல, வெங்காயம்! சின்ன வெங்காயப் பையைக் கவ்விக்கிட்டு ஓட்டமான ஓட்டம். மயிலா பின்னாடியே ஓடறா. "ஏய்! வைடா கீழ! கண்ணு எரியும்டா உனக்கு!" அது மென்னுச்சு பாரு, "கரக் மொரக், கரக் மொரக்"னு. அப்புறம் உதட்டைச் சுழிச்சு, மூக்கை விரிச்சு, "ஹ்ஹ்ஹச்ச்!"னு தும்முனதுல மயிலா மேல பூரா எச்சி! அந்தச் சத்தத்துல கூட்டமே மிரண்டு கலைஞ்சு போச்சு. வழி கிடைச்சுருச்சு, வெங்காயம் போயிருச்சு. மயிலாவுக்கு அழுகறதா சிரிக்கறதான்னு தெரியல. சிரிச்சுட்டா.

அப்புறம் வழியில ஒரே ஒரு பெட்ரோல் பங்க். அதை நடத்தறது ஐரிஸ்னு ஒரு அம்மா. மயிலாவைப் பார்த்ததும், "யாரும்மா உன் மேல துப்புனது?"ன்னு கேட்டாங்க. மயிலா கதையைச் சொன்னா. அந்தம்மா சிரிச்சுச் சிரிச்சு மேசையைத் தட்டுனாங்க. அப்புறம் உள்ள போய் ரெண்டு பெரிய வெங்காயம் எடுத்துட்டு வந்து குடுத்தாங்க. "சின்னது இல்லம்மா, இதுதான் இருக்கு. கொண்டு போ. நீ வர்றேன்னு அந்தப் பையனுக்கு மட்டும் போன்ல சொல்லி வெச்சர்றேன். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள நீ போய்ச் சேரலைன்னா ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு நானே தேடி வந்துருவேன்."

"ம்..." 

தூங்கிட்டியா?

"இல்ல... மூணாவது?"

மூணாவதுதான் பெரிய சங்கடம். நடு வெயில்ல, அம்மணி "டப... டப... டொப்"னு நின்னு போச்சு. மிதிச்சா "க்ளக்". மறுபடி மிதிச்சா "க்ளக்". சரி, ஒரு வாய் தண்ணி குடிப்போம்னு கேனைத் தூக்குனா, லேசா இருக்கு. புழுதியில விழுந்தப்போ அடியில விரிசல் விட்டு, வழி பூரா ஒழுகியிருக்கு. இன்னொரு கேன்லயும் கொஞ்சூண்டுதான் மிச்சம், பங்க்ல ரொப்பிக்கவும் மறந்துட்டா.

அப்போ தூரத்துல பார்த்தா, தண்ணி! பெரிய ஏரி! பளபளன்னு அலை அடிக்குது. அந்தா இருக்கு, நடந்தாப் போயிறலாம் போல. மயிலாவோட காலு தானா அந்தப் பக்கம் நாலு எட்டு வெச்சுருச்சு. அப்புறம் நின்னா. ஆர்தர் சொன்னது காதுல விழுந்துச்சு. திரும்பி வண்டியைப் பார்த்தா, மறுபடி ஏரியைப் பார்த்தா. ஏரி கொஞ்சம் தள்ளிப் போயிருந்துச்சு.

"ஏரி எப்படிப் போகும்?"

அது ஏரி இல்ல கண்ணு. கானல். வெயில்ல தண்ணி மாதிரி தெரியும், கிட்டப் போனா வெறும் மண்ணு.

மயிலா திரும்பி வந்து, வண்டி மேல போர்வையைப் போட்டு, அந்த நிழல்ல சுருண்டு உக்காந்துட்டா. சும்மா உக்காந்திருக்கறதுதான் அவளுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சாம். இங்கயே காஞ்சு போயிருவமோன்னு ஒரு பயம். அதைவிட, வஞ்சியை விமானத்துல ஏத்திட்டாங்களோன்னு ஒரு பயம். கொஞ்ச நேரம் அழுதா. அப்புறம், அழுதா உடம்புத் தண்ணி வீணாப் போகுமேன்னு நிறுத்திட்டா.

வெயில் தாழ்ந்ததும் எந்திரிச்சு வண்டியைப் பிரிச்சா. பெட்ரோல் போற சின்ன ஓட்டையில செம்மண் அடைச்சுக்கிட்டு இருக்கு. ஊசி முனை அளவு ஓட்டை! தலையில இருந்து ஹேர்பின்னை உருவி, நெளிஞ்ச கம்பியை நிமுத்தி, மெதுவா உள்ள விட்டுக் குத்துனா. வாயை வெச்சு ஊதுனா, "ஃபூ". இன்னொரு தடவை, "ஃபூஊ". எல்லாத்தையும் மறுபடி பூட்டுனா.

"அம்மணி, உன் கால்ல விழறேன், கிளம்பிரு."

மிதிச்சா. "க்ளக்."

மிதிச்சா. "க்ளக்... டப்."

கண்ணை மூடிக்கிட்டு இன்னொரு மிதி...

"டப... டப... டபடபடபடப!"

மயிலா போட்ட கூச்சல்ல எங்கயோ ஒரு கழுகு "கீச்"னு பறந்துச்சாம்!

"ம்... ம்..."

வெளிச்சம் இருக்கும்போதே வஞ்சி வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்துட்டா. டேனி ஓடி வந்து வண்டியைப் புடிச்சுக்கிட்டான். கதவைத் திறந்துட்டு வஞ்சி வந்தா. குச்சியாட்டம் கையி, வயிறு மட்டும் சின்னதா மேடா. அக்காவைப் பார்த்தா. மூஞ்சி பூரா செம்மண்ணு, கண்ணு ரெண்டு மட்டும் தெரியுது.

"யாரு உன்னை வரச் சொன்னது?"ன்னு கத்துனா. "வழியில உனக்கு ஏதாவது ஆகியிருந்தா? நான் யாருகிட்டப் போய் நிப்பேன்?" சொல்லிட்டு, அக்கா முதுகுல ரெண்டு சாத்து. சாத்தச் சாத்தப் புழுதி "புஸ்ஸு புஸ்ஸு"ன்னு பறக்குது. அப்புறம் அப்படியே கட்டிக்கிட்டு ஒரே அழுகை.

"அழுகாதே சாமி. அடுப்பு எங்க இருக்கு?"

கை, கால், மூஞ்சி கழுவிட்டு நேரா அடுப்படி. கடுகு "பட பட பட". வெங்காயம் "சொய்ங்ங்ங்". அப்போ வஞ்சி வாயைப் பொத்திக்கிட்டு வாசலுக்கு ஓடிட்டா! வெங்காயம் வதங்கற வாசனைதான் மாசமானதுல இருந்து அவளுக்கு ஆகறதே இல்லையாம். டேனி தலையில கை வெச்சு உக்காந்துட்டான். மயிலாவுக்குக் கரண்டி கையிலயே நின்னு போச்சு. இவ்ளோ தூரம் வந்து இதுக்குத்தானா?

கொஞ்ச நேரம் கழிச்சு வாசல்ல இருந்து ஒரு குரல். "அக்கா... இன்னும் ரெண்டு பூண்டு சேர்த்துப் போடு."

மயிலா போட்டா பாரு, கை நிறைய!

அப்புறம் சோறு பொதபொதன்னு கொதிச்சு எறங்குச்சு. தட்டுல போட்டு, நடுவுல குழி பண்ணி, நெய் ஊத்தி வெச்சா. வஞ்சி ஒரு வாய் வெச்சா. எல்லாரும் மூச்சே விடல. உள்ள போச்சு. ரெண்டாவது வாய். போச்சு. மூணாவது வாய்... வஞ்சி கண்ணை மூடிக்கிட்டா. டேனி ஓடிப்போய்ப் பக்கெட்டை எடுத்துட்டு வந்துட்டான். வஞ்சி கண்ணைத் திறந்து, "பக்கெட்டு எதுக்கு? நெய்யைக் கொண்டா"ன்னாளாம்!

மயிலா சந்தோஷமா குளிக்கப் போயிட்டா. செம்மண் போக எத்தனை சோப்பு தேய்க்க வேண்டியிருந்துச்சோ. குளிச்சுட்டு வந்து, "எனக்கும் பசிக்குது, ஒரு தட்டு வைங்க"ன்னு பானையை எட்டிப் பார்த்தா, பானை காலி! அடியில ஒட்டுன காந்தலைக்கூட வஞ்சி சுரண்டித் தின்னுட்டு, சுவத்துல சாஞ்சு, வாயைத் திறந்து போட்டுத் தூங்கறா. "கொர்ர்ர்... கொர்ர்ர்..."

மயிலா அந்தக் காலிப் பானையைக் கையில வெச்சுக்கிட்டு சிரிச்சா, சிரிச்சா, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சா. அக்கா பசியோட இருக்காங்களேன்னு டேனி ரொட்டி வாட்டிக் குடுத்தான். அதுவும் கரி. மயிலா அதைக் கரக்கு கரக்குன்னு மென்னு தின்னா. அம்புட்டு ருசியா ஒரு ரொட்டியை அவ தின்னதே இல்லையாம்.

அப்புறம் டாக்டரம்மா வந்து பார்த்துட்டு, ஆஸ்பத்திரியெல்லாம் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. ஆர்தர்கிட்ட லீவு சொல்லிட்டு, பாப்பா பொறக்கற வரைக்கும் மயிலா அங்கயேதான் இருந்தா. பொம்பளைப் பிள்ளை. கொழுகொழுன்னு.

ம்?

கண்ணு?

"..."

சரி, சரி. மயிலா தங்கச்சி வீட்டுக்கு வந்து சேர்ந்துட்டா, வஞ்சி வயிறு நெறஞ்சுருச்சு, கதையும் வண்டியை நிறுத்தி எறங்கிருச்சு. நீயும் தூங்கு சாமி.