புல்லுக்கட்டுக்குள் ஒரு கொப்பு

அரண்மனை வைத்தியர் சபாபதிப் பண்டிதரின் மருந்தைக் குடித்த அன்றே ஜமீன் குதிரை செத்துப் போனது. பழி மட்டும் புல் அறுக்கும் மாடத்தி மேல் விழுந்தது.

"விஷச்செடியையும் சேர்த்து அறுத்திருக்கிறாள்" என்றார் பண்டிதர். "என் மருந்தில் தப்பு வராது. எனக்குத் தெரியாத செடி இந்தச் சீமையில் கிடையாது. அப்படி ஒன்று இருந்தால் அவளே கொண்டு வரட்டும். இல்லையென்றால் ஊரைவிட்டே போகட்டும்!"

மறுநாள் மாடத்தி புல்லுக்கட்டோடு வந்தாள். பண்டிதர் காய்ச்சிக் கொடுத்த கஷாயக் கிண்ணத்தோடு ஜமீன்தார் உட்கார்ந்திருந்தார்; பக்கத்தில் பண்டிதர். கட்டின் ஒரு பக்கம் மஞ்சள் பூங்கொத்து எட்டிப் பார்த்தது.

"சொர்ணபுஷ்பி. பித்தத்தை அடக்கும்" என்றார் பண்டிதர், கண்ணை முழுசாகத் திறக்காமலே.

மாடத்தி கட்டைத் திருப்பினாள். அந்தப் பக்கமும் மஞ்சள் பூ. கூடவே வெள்ளைவெளேரென்று ஓர் இலை.

"இது ரஜதபத்திரி. பித்தத்தைக் கிளப்பும்!"

அவள் கட்டை அவிழ்த்தாள். உள்ளே வளைத்துச் செருகியிருந்தது இரண்டு கிளையாகப் பிரிந்த ஒரே கொப்பு. ஒரு முனையில் மட்டும் வெள்ளை இலையைக் கிள்ளி எடுத்திருந்தாள்.

"சாமி கேட்ட செடி இதுதான். சாமிக்குத் தெரியாத செடி."

"அப்போ இதன் பேரை நீயே சொல்லடி!" என்று பண்டிதர் கத்தினார்.

"எனக்கும் தெரியாது சாமி. அதனாலதான் நான் யாருக்கும் காய்ச்சிக் குடுக்கல."

ஜமீன்தார் கஷாயக் கிண்ணத்தை மெல்லக் கீழே வைத்தார்.